ப்ளாக் மீசாவுக்குத் திரும்பும் தம்பிக்கு

தம்பி, ஸ்டீம் டெக் கைக்கு வந்துவிட்டது என்று நேற்று ராத்திரி போட்டோ அனுப்பினாய். அடுத்த மெசேஜிலேயே, "அக்கா, முதல்ல ஹாஃப் லைஃப்தான்" என்றாய். சந்தோஷமாக இருந்தது. போன வருடம் நானும் இதே கருவியில் இதே கேமைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஆடி முடித்தேன். அதில் முதல் இரண்டு நாள் என் கை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்த இரண்டு நாளை நீ மிச்சம் பிடிக்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் இந்த கேம் மனப்பாடம். எந்த வென்ட்டுக்குள் ஹெட்க்ராப் பதுங்கியிருக்கும், எந்தக் கதவைத் திறந்தால் சிப்பாய் சுடுவான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். அதெல்லாம் தலைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்தது மவுஸும் கீபோர்டும் மட்டும்தான். அப்பா வாங்கிய அந்தக் கம்ப்யூட்டரில் மவுஸ் என் கையில் இருக்கும், ஸ்பேஸ்பார் உன் விரலில் இருக்கும். நான் "குதி" என்றால் நீ அழுத்துவாய். இப்போது மொத்த வேலையும் உன் ஒருவன் கையில். அதனால் நேராகக் கதைக்குள் போய்விடாதே. முதல் அரை மணி நேரத்தைக் கை பழகுவதற்கு என்றே ஒதுக்கு.

பழகுவதற்கான இடம் கேமுக்குள்ளேயே இருக்கிறது. ஹசார்டு கோர்ஸ் என்று மெனுவில் தனியாக இருக்குமே, ஒரு ஹோலோகிராம் பெண் வந்து நடக்கவும் குனியவும் ஏணி ஏறவும் சொல்லித்தருவாளே, அதுதான். சின்ன வயதில் பொறுமையில்லாமல் நாம் தொடாமலே விட்டது. இப்போது அதைத் திற. ஒவ்வொரு செட்டிங்கையும் மாற்றிவிட்டு அங்கேயே ஓடி, குதித்து, சுட்டுப் பார்.

எந்த வெர்ஷன் என்று குழம்பாதே, ஸ்டீமில் இருப்பதையே இறக்கு. 1998 நவம்பரில் வெளிவந்த கேமுக்கு 25 வருடம் நிறைந்தபோது, 2023 நவம்பரில், வால்வ் ஒரு பெரிய அப்டேட் விட்டது. டெக்கில் ஓடும்படி சரிபார்த்து, கேம்பேட் அமைப்பும் கொடுத்து, மெனு எழுத்துகளைத் திரைக்கு ஏற்றபடி பெரிதாக்கியிருக்கிறார்கள். வீடியோ செட்டிங்கில் 1280×800 இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். அதுதான் டெக் திரையின் சொந்த அளவு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஜைரோவைப் போடு, அதாவது கருவியையே அசைத்துக் குறிவைக்கும் வசதியை. "அதெல்லாம் சின்னப் பசங்க வேலை, நான் ஸ்டிக்கிலேயே பார்த்துக்கிறேன்" என்று நீ சொல்வாய் என்று தெரியும். கொஞ்சம் கேள். மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் பார்வையும் அந்த அளவுக்குத் திரும்பும், கையை நிறுத்தினால் அதுவும் நிற்கும். ஸ்டிக் அப்படி வேலை செய்யாது. எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதை மட்டும்தான் அது சொல்லும். எங்கே நிறுத்துவது என்பது உன் கணிப்பு. கதவளவு பெரிய எதிரி என்றால் அது போதும். முகத்தை நோக்கிப் பாய்ந்து வரும் ஹெட்க்ராப் ஒரு பூசணிக்காய் அளவுதான். ஸ்டிக்கை மட்டும் நம்பினால் குறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டிப் போகும். பெரிதாகத் திரும்புவதற்கு ஸ்டிக், கடைசி நூலிழைக்கு மணிக்கட்டின் அசைவு என்று பிரித்துக்கொள். மவுஸ் பிடித்த கைக்கு இது ஒரே நாளில் வந்துவிடும்.

எப்படிப் போடுவது? ஸ்டீம் பட்டனை அழுத்தி கன்ட்ரோலர் செட்டிங்ஸுக்குப் போ. கீபோர்டு–மவுஸ் லேஅவுட்டை எடு, ஜைரோவை மவுஸாக வேலை செய்யச் சொல். அது எப்போது விழிக்க வேண்டும் என்று கேட்கும் இடத்தில், வலது ஸ்டிக்கைத் தொடும்போது என்று வை. டெக்கின் ஸ்டிக் நுனி விரல் படுவதை உணரும். கட்டைவிரல் பட்டால் குறி அசையும், எடுத்தால் உறைந்து நிற்கும். இந்த "எடுத்தால் நிற்கும்" என்பதன் அருமை ஏணியில் தெரியும். ஹாஃப் லைஃபில் ஏணியில் நீ பார்க்கும் திசைக்குத்தான் ஆள் போவான். மேலே பார்த்து முன்னே தள்ளினால் ஏறுவான், கீழே பார்த்துத் தள்ளினால் இறங்குவான். ஏறும்போது கை கொஞ்சம் சாய்ந்து பார்வை தாழ்ந்தால் பாதியில் திரும்பி இறங்க ஆரம்பித்துவிடுவான். அதனால் ஏணியைப் பிடித்து மேலே பார்த்ததும் வலது கட்டைவிரலை எடுத்துவிடு.

ஜைரோ வேகத்தை, கதை தொடங்கும்போது ப்ளாக் மீசா ஆய்வுக்கூடத்துக்குள் போகும் அந்த டிராம் பயணத்தில் வைத்துத் திருத்து. எதிரி இல்லை, அவசரம் இல்லை, வண்டி அதுபாட்டுக்குப் போகும். மூடிய கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் காவலாளியின் தலையைத் திரையின் நடுவில் வைத்து, டிராம் நகர நகர அது விலகாமல் பிடி. இன்னொரு டிராமில் பெட்டியோடு ஜி-மேன் நிற்பானே, அவன் கண்ணுக்கு மறையும்வரை அதையே செய். பார்வை பின்தங்கினால் வேகத்தைக் கூட்டு, முந்தினால் குறை. எனக்கு மூன்று முறை மாற்றிய பிறகுதான் அமைந்தது.

பின்பக்கம் நான்கு பட்டன் இருக்கிறது பார், இடது கைக்கு எல் 4, எல் 5, வலது கைக்கு ஆர் 4, ஆர் 5. இவற்றைச் சும்மா விடாதே. குதிப்பதற்கு முன்பக்க பட்டனை வைத்தால், குதிக்கும்போதெல்லாம் வலது கட்டைவிரல் குறியை விட்டு வர வேண்டியிருக்கும். அதனால் ஆர் 4 குதிக்க, ஆர் 5 குனிய. இரண்டும் ஒரே கையின் அடுத்தடுத்த விரல்களில் இருப்பதால் குனிந்து குதிப்பது சொடுக்குப் போடுகிற மாதிரி வரும். பின்னால் லாம்ப்டா கோர் அத்தியாயத்தில் நீள்தாவல் கருவி கிடைத்ததும் இந்த ஏற்பாடு இன்னும் உதவும்: முன்னே ஓடிக்கொண்டே ஆர் 5, உடனே ஆர் 4.

இடது பக்கம் சேவ் விஷயம். அதை நான் என் தவறிலிருந்து சொல்கிறேன். எஃப் 6 க்விக் சேவ், எஃப் 7 க்விக் லோட் என்பது உனக்கு நினைவிருக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். சர்ஃபேஸ் டென்ஷன் அத்தியாயத்தில் அந்த மலைச்சரிவில், கால் வழுக்கி விழுந்துகொண்டிருக்கும்போது லோட் என்று நினைத்து சேவை அழுத்திவிட்டேன். அதன்பிறகு எத்தனை முறை லோட் செய்தாலும் அந்தரத்தில்தான் கண் விழிக்கிறேன், ஒரு நொடியில் சாகிறேன். ஒரு முழு மாலையின் ஆட்டம் போயிற்று. எனவே எல் 4-ஐ அழுத்தினால் சேவ், எல் 5-ஐ அழுத்திப் பிடித்தால் மட்டும் லோட் என்று வை. அழுத்திப் பிடிக்கும் வசதி ஸ்டீம் கன்ட்ரோலர் செட்டிங்கிலேயே உண்டு. புது அத்தியாயத்தின் பெயர் திரையில் வந்தவுடன் மெனுவுக்குப் போய்த் தனியாக ஒரு சேவும் போட்டுவிடு. பவர் பட்டனைத் தட்டினால் டெக் அப்படியே தூங்கும், திரும்பத் தட்டினால் விட்ட இடத்தில் எழும். நல்ல வசதிதான். அதை நம்பி சேவ் செய்யாமல் விடாதே. தூங்கவைக்கும் முன் எல் 4.

ஆயுதம் மாற்றுவதற்கு இடது ட்ராக்பேடைப் பயன்படுத்து. 1 முதல் 5 வரையிலான எண்களை வட்ட மெனுவாக அதில் வைக்கலாம். கடப்பாரை 1-இல், எறிகுண்டுகள் 5-இல் என்று பழைய வரிசை அப்படியே இருப்பதால் உன் தலை தானாகவே எண்ணைச் சொல்லும்.

ஜைரோவைப் பற்றி இன்னும் ஒன்று. நீ தினமும் பஸ்ஸில் போகிறவன். ஜைரோ அளப்பது கருவி எவ்வளவு திரும்புகிறது என்பதை; உன் கை திருப்பியதா, பஸ் வளைவில் திரும்பியதா என்று அதற்குத் தெரியாது. டிரைவர் வண்டியை ஒடித்தால் உன் குறியும் சுவர்ப் பக்கம் போய்விடும். பயணத்துக்கென்று ஜைரோ இல்லாமல் இன்னொரு லேஅவுட்டைச் சேமித்து வைத்துக்கொள். ஓடும் வண்டியில் சண்டைப் பகுதிகளை ஆடாதே, புதிர்களை ஆடு. தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் "இந்த ரூமை முடிச்சிடறேன்" என்று இழுக்காமல் உடனே நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார். கையளவுத் திரையில் வேகமான ஆட்டத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே பயணம் செய்வது எல்லா உடம்புக்கும் ஒத்துக்கொள்ளாது.

வீட்டில் ஆடும்போது மடியில் ஒரு தலையணை வைத்து, முழங்கைகளை அதில் ஊன்றிக்கொள். உன்னிடம் இருப்பது எல்சிடி மாடல், 669 கிராம். பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு சொல்லும். பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாதே. இவ்வளவு பழைய கேமுக்கு டெக்கின் பலத்தில் கொஞ்சம் போதும். மூன்று புள்ளி பட்டனை அழுத்தி, பர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஃப்ரேம் அளவை 60-இல் நிறுத்தி, மின்சார வரம்பையும் இறக்கு. 40 வாட்-மணி பேட்டரி அது. மொத்த இழுவை 8 வாட்டில் நின்றால் ஐந்து மணி நேரம் வரும்.

சத்தத்தைக் குறைத்து மட்டும் ஆடாதே. ஒயர் உள்ள ஹெட்போனைப் போடு. சில ப்ளூடூத் ஹெட்போனில் சத்தம் ஒரு கணம் பிந்தும். இந்த கேமில் காதுதான் பாதி ரேடார். ஹவுண்ட்-ஐ என்ற எதிரி தாக்குவதற்கு முன் ஒலியை ஏற்றிக்கொண்டே போகும். அதைக் கேட்டால் விலக நேரம் இருக்கிறது. சிப்பாய்கள் தங்களுக்குள் ரேடியோவில் பேசிக்கொள்வதை வைத்தே எந்த மூலையில் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

அந்தச் சிப்பாய்களிடம்தான் நீ திணறப் போகிறாய். ப்ரௌசிங் சென்டரில் நீ மணிக்கணக்காக ஆடிய கவுன்ட்டர் ஸ்ட்ரைக், 1999-இல் இந்த ஹாஃப் லைஃபின் மோடாகத்தான் பிறந்தது. அந்தப் பழக்கத்தில் சட்டென்று வெளியே வந்து, மவுஸின் ஒரே வெட்டில் தலையைச் சுட்டுவிட்டு உள்ளே போகப் பார்ப்பாய். கைக்கருவியில் அந்த வெட்டு வராது. சுவர் மூலையில் குறியை முன்னாலேயே வைத்துக்கொண்டு அவர்களை உன்னிடம் வரவிடு. எறிகுண்டு விழுந்தால் மட்டும் இடத்தை மாற்று. எளிது, நடுத்தரம், கடினம் மூன்றில் நடுத்தரத்தை எடு. கடினத்தில் சிப்பாயின் உயிர் 50-இலிருந்து 80 ஆகிறது. அதே ஆளை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நேரம் குறியில் பிடித்து வைக்க வேண்டும். முதல் சுற்றுக்கு அது தேவையில்லை.

ப்ளாஸ்ட் பிட் அத்தியாயத்தில் குனிந்தே நீண்ட தூரம் நடக்க வேண்டும். அந்த மூன்று பெரிய கொடுக்குகளுக்கும் கண் கிடையாது, சத்தத்தைக் கேட்டுத்தான் குத்துகின்றன. ஆர் 5-ஐ அவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தால் விரல் விட்டுப்போகும், நடுவில் நழுவினால் ஆளே போய்விடுவான். அந்த அத்தியாயத்துக்கு மட்டும் குனிவதை ஒருமுறை அழுத்தினால் குனிந்து மறுமுறை அழுத்தினால் எழுவதாக மாற்றிக்கொள். தேவைப்பட்டால் எதிர்ப்பக்கமாக ஓர் எறிகுண்டை வீசு, மூன்றும் அங்கே திரும்பும்.

ஆன் எ ரெயில் அத்தியாயத்தை நாலு நாளாகப் பிரித்து ஆடாதே. எந்தத் தண்டவாளத்தில் வந்தோம், எந்த ஸ்விட்சை மாற்றினோம் என்பது மறுநாள் மறந்துபோகும். லீவு நாளில் ஒரே உட்காரலில் முடி. பிரிவுகள் வரும் இடங்களில் ஸ்டீம் பட்டனோடு ஆர் 1-ஐ அழுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்தால் வழி தவறாது.

சர்ஃபேஸ் டென்ஷனில் லேசர் கண்ணிகள் பின்னிக் கிடக்கும் அந்த ஏவுகணைக் கிடங்கு வரும்போது திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்று, ஜைரோவை அணை. ஏழு அங்குலத் திரையில் அந்தக் கோடுகள் மயிரிழை போலத்தான் தெரியும். நான்கு அடிக்கு ஒரு சேவ் போட்டாலும் தப்பில்லை.

ஸென் என்ற வேற்றுலகத்துக்குப் போனபின் ஈர்ப்பு குறைந்துவிடும், மிதந்து மிதந்து குதிக்க வேண்டும். முன்பு அந்த இடத்தில் நாம் இருவரும் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? நான் கீழே பார்க்கவில்லை என்று நீ கத்துவாய், நீ முந்தி அழுத்திவிட்டாய் என்று நான் கத்துவேன். கால் தரையை விட்டு எழும்பியதுமே பார்வையைக் கீழே இறக்கி, இறங்கும் பாறையைக் குறியின் நடுவில் வைத்துக்கொண்டே போ. காற்றில் இருக்கும்போதும் இடது ஸ்டிக்கால் கொஞ்சம் திருத்தலாம். அங்கங்கே ஒளிரும் குளங்களில் இறங்கி நின்றால் உயிர் ஏறும், அவசரப்படாமல் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பு.

முடித்ததும் அழிக்காதே. அதே அப்டேட்டில் அப்லிங்க் என்ற சின்னத் தனிக் கதையையும் சேர்த்திருக்கிறார்கள். பழைய டெமோவாக வந்தது, நம் சிடியில் அது இல்லை. ஒரே மாலையில் முடிந்துவிடும். அதை மட்டும் தனியாக ஆடிவிடாதே. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது டெக்கைப் பையில் போட்டுக்கொண்டு வா. டிவியில் இணைக்கும் ஒயர் என்னிடம் இருக்கிறது, மவுஸும் இருக்கிறது.