அடுத்து என்ன படிக்கலாம்? சித்தூர், திருப்பதி வாசகர்களுக்கு

1. உள்ளூர்க்காரரில் தொடங்குங்கள். சித்தூர் மாவட்டத்தில் பிறந்த தெலுங்கு எழுத்தாளர் கேசவ ரெட்டியின் ‘அவன் காட்டை வென்றான்’ தமிழிலும் வந்திருக்கிறது. காணாமல்போன பன்றியைத் தேடி இரவில் காட்டுக்குள் நுழையும் கிழவனின் கதை. சின்ன நாவல், கீழே வைக்க மனம் வராது.

2. தன்வரலாறு என்றால் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. தடிமனைப் பார்த்து மிரளாதீர்கள். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்ததால், தினம் ஓர் அத்தியாயம் படிக்கத் தோது. மதுரைத் திட்டம் (Project Madurai) இணையதளத்தில் இலவசம்.

3. சென்னைப் புத்தகக் காட்சிக்குப் பட்டியலோடு போங்கள். இல்லாவிட்டால் அட்டைப்படம்தான் தேர்வு செய்யும்.

4. பரிந்துரைக்குமுன், கடைசியாக ரசித்தது எதுவென்று கேளுங்கள். துப்பறியும் கதைப் பிரியரிடம் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் திணித்தால் மறுபடி உங்களிடம் கேட்கமாட்டார்.