பங்கரும் பதுங்குகுழியும்

பங்காருபாளையம் என்னும் ஊர்ப்பெயரில் இரு சொற்கள் உள்ளன. ‘பங்காரு’ என்பது தெலுங்கில் பொன்னைக் குறிக்கும். ‘பாளையம்’ என்பது படை தங்கும் இடம். பாளையங்களை ஆண்டவர்கள் பாளையக்காரர் எனப்பட்டனர். சித்தூர்ப் பகுதியிலும் அவர்கள் பலர் இருந்தனர். இப்பாடத்தில் நாம் காணவிருக்கும் ‘பங்கர்’ என்னும் ஆங்கிலச் சொல் ஒலியால் ‘பங்காரு’வை ஒத்திருக்கிறது. ஆயினும் இரண்டுக்கும் எவ்வித உறவும் இல்லை. போர் தொடர்பான சொல் என்ற வகையில் அதனைப் பாளையத்தின் பக்கத்தில் வைப்பதே பொருந்தும்.

ஸ்காட்லாந்து மக்களின் பேச்சில் ‘பங்கர்’ முதலில் ஒரு மரப்பெட்டியைக் குறித்தது. அதன்மேல் அமரவும் செய்வர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பலில் நிலக்கரி சேர்த்துவைக்கும் அறை அப்பெயரைப் பெற்றது. கோல்ஃப் ஆடுகளத்து மணற்குழிக்கும் அதுவே பெயர். முதல் உலகப்போரில் ஜெர்மானியப் படையினர் தம் வலிமையான நிலத்தடிக் காப்பிடங்களை இச்சொல்லால் குறித்தனர். இரண்டாம் உலகப்போரில் அது ஆங்கிலத்திலும் இப்பொருளில் பரவியது. பெட்டியாகப் பிறந்த சொல் படைவீரனின் அரணாக வளர்ந்த வரலாறு இது.

அக்காலத்து ஆங்கிலேயர் தம் வீட்டுத் தோட்டத்தில் அமைத்துக்கொண்ட காப்பிடத்தைப் ‘பங்கர்’ என்று அழைக்கவில்லை என்பது கருதத்தக்கது. அதனை ‘ஷெல்டர்’, அதாவது புகலிடம், என்றனர். 1939 முதல் வழங்கப்பட்ட ‘ஆண்டர்சன் ஷெல்டர்’, வளைந்த இரும்புத் தகடுகளால் ஆனது. நான்கடி ஆழத்தில் புதைத்து மேலே மண்ணைப் பரப்புவர். ஜான் ஆண்டர்சன் என்னும் அமைச்சரின் பெயரால் அது வழங்கியது. வான்குண்டு அச்சம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பிலும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய ஊர்களிலும் ஜப்பானிய வானூர்திகள் குண்டு வீசின. சென்னை மக்களுள் பலர் நகரைவிட்டு வெளியேறினர்.

தமிழ் மக்களின் அன்றாடப் பேச்சில் ‘பங்கர்’ ஆழமாகப் பதிந்தது இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் ஆகும். உள்நாட்டுப் போர்க் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வீட்டு முற்றங்களிலும் பள்ளி வளாகங்களிலும் பங்கர்கள் வெட்டப்பட்டன. எழுத்துத் தமிழில் அதற்குப் ‘பதுங்குகுழி’ என்று பெயர். ஆளுயரக் குழியின்மேல் பனங்குற்றிகளை, அதாவது துண்டாக்கிய பனைமரங்களை, அடுக்கி, அவற்றின்மேல் மண்மூட்டைகளை வைப்பர். பலர் அதனைத் தமிழ் எழுத்தாகிய ‘ட’ வடிவில் வெட்டினர். எறிகணை நிலத்தில் வெடித்தால் அதன் இரும்புச் சிதறல்கள் மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் பாயும். நிலமட்டத்துக்குக் கீழே இருப்பவர் பெரும்பாலும் தப்புவர். வாயில் வழியே நுழையும் சிதறல் நேராகச் செல்லுமேயன்றி மூலையில் திரும்பாது. ‘ட’ வடிவத்தின் பயன் அதுவே. ஆனால் நேரே மேலே விழும் குண்டை இக்குழி தாங்காது. மழைக்காலத்தில் நீர் நிரம்பும், பாம்பும் புகும். 2009இல் முள்ளிவாய்க்கால் கடற்கரையின் தளர்ந்த மணலில் குழி சரிந்துகொண்டே இருந்தது. சாக்குப் பை கிடைக்காத நிலையில் தாய்மார்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து மணல் நிரப்பினர்.

அந்நாட்டுத் தமிழ்ச் செய்தியாளர்கள் படைவீரர் துப்பாக்கியுடன் நின்று காக்கும் இடத்தைக் ‘காவலரண்’ என்று எழுதினர். மக்கள் உயிர் காக்க இறங்கும் இடம் பதுங்குகுழி. ஆங்கிலச் செய்தியில் இரண்டும் ‘பங்கர்’ என்றே வரக்கூடும். “பங்கர் ஒன்று தகர்க்கப்பட்டது” என்பதை மொழிபெயர்ப்பவர் உள்ளே இருந்தவர் யார் என அறியாமல் எழுதுதல் ஆகாது. ‘காவலரண் தகர்ந்தது’ என்றால் அது போர்ச் செய்தி. ‘பதுங்குகுழி தகர்ந்தது’ என்றால் உள்ளே குழந்தைகள் இருந்திருக்கலாம். சொல்லை மாற்றி எழுதினால் இறந்தவர் யார் என்பதே மாறிவிடும்.

இந்தியாவிலும் இவ்வேறுபாடு தேவைப்படுகிறது. ஜம்முவின் எல்லையோரச் சிற்றூர்களில் பொதுமக்களுக்காக 14,000க்கும் மேற்பட்ட காப்பிடங்கள் கட்ட நடுவணரசு ஒப்புதல் அளித்தது. நாளிதழ்கள் அவற்றையும் ‘பங்கர்’ என்றே குறிக்கின்றன. அவை குடும்பங்கள் தங்குவதற்கானவை. அவற்றில் பீரங்கி இராது.

இனி இலக்கணம். பதுங்கு + குழி = பதுங்குகுழி. பதுங்கிய குழி, பதுங்குகின்ற குழி, பதுங்கும் குழி என மூன்று காலங்களுக்கும் பொருந்துவதால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே ‘பதுங்குக்குழி’ என எழுதுவது பிழை. ஊறுகாய், சுடுசோறு ஆகியனவும் இவ்வாறே அமைந்தவை. ‘புலி பதுங்குவது பாய்வதற்கே’ என்பது பழமொழி. பதுங்குகுழியில் இருப்பவர் பாய்வதற்காகப் பதுங்குவதில்லை. இரைச்சல் ஓயும்வரை காத்திருக்கிறார்.

பயிற்சி

1. காவலரண், பதுங்குகுழி ஆகியவற்றுள் பொருந்தும் சொல்லை இட்டு நிரப்புக.
அ) வானூர்தியின் ஒலி கேட்டதும் பாட்டி பேரக்குழந்தைகளுடன் ________க்குள் இறங்கினார்.
ஆ) பாலத்தருகே இருந்த ________இல் வீரர் இருவர் இரவு முழுதும் விழித்திருந்தனர்.

2. ஊறுகாய், சுடுசோறு ஆகியவற்றைப் பதுங்குகுழி போல மூன்று காலங்களிலும் விரித்து எழுதுக.

3. ‘பதுங்கு’ என்பதற்கு உங்கள் வீட்டுப் பேச்சில் வழங்கும் வேறு சொற்களைப் பெற்றோரிடம் கேட்டு எழுதுக. அவற்றுக்கு நிகரான தெலுங்குச் சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதுக.