உபதொழிலின் வரி சம்பளத்தின் மேல் ஏறும்

வடக்கனந்தல், கச்சிராயபாளையம் பக்கத்துச் சம்பளக்காரர் வீடுகளில் இரண்டாவது வருமானம் புதிதல்ல. கறவை மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றுவார்கள்; கல்வராயன் மலைத் தேனையும் கடுக்காயையும் வாங்கி விற்பார்கள். தொகை சிறியது, ஆகவே வரி வராது என்ற எண்ணம்தான் பின்னால் வரும் சிக்கல்களுக்கு வேர் என்று வரிக் கணக்குகளோடு பழகியதில் உறுதியாகச் சொல்வேன். சட்டம் சம்பளத்தையும் தொழில் லாபத்தையும் கூட்டியே பார்க்கிறது. கீழ் அடுக்குகளைச் சம்பளமே நிரப்பிவிடுவதால், உபதொழிலின் முதல் ரூபாய்க்கும் சம்பளம் எட்டிய அடுக்கின் விகிதமே விழும். அதனால் இரண்டையும் ஏப்ரலிலிருந்தே ஒரே கணக்காகப் போட வேண்டும்.

2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுச் சம்பளம் 9 லட்சம். நிலைக்கழிவு 75,000 போக 8,25,000. உபதொழிலில் 20 லட்சத்துக்கு விற்பனை, பணம் முழுவதும் வங்கி, யுபிஐ வழியே வந்தது என்றால் விற்பனையின் ஒரு பங்கையே லாபமாகக் கொள்ளும் உத்தேச வரி முறையில் 6 சதவீதமான 1,20,000 ரூபாயை லாபமாகக் காட்டலாம். ரொக்கமாக வந்த பணத்துக்கு 8 சதவீதம். கூட்டினால் 9,45,000. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரியே இல்லை. இதே தொழிலை 13,75,000 சம்பளக்காரர் நடத்தினால், அந்த லாபத்துக்கு மட்டும் 15 சதவீத வரியும் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 18,720 ரூபாய் கட்ட வேண்டும். அலுவலகம் பிடிக்கும் டிடிஎஸ் சம்பளத்துக்கு மட்டுமே. மீதி வரி 10,000 ரூபாயை எட்டினால் அட்வான்ஸ் டாக்ஸ் உண்டு. உத்தேச முறையில் இருப்பவர் மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டலாம். தவறினால் மாதம் 1 சதவீத வட்டி. இந்த வருமானத்தை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்வது இன்னும் எளிது.

விவசாய வருமானத்துக்குத்தான் வரி இல்லையே என்பார்கள். சொந்த நிலத்துக் கரும்பையும் மரவள்ளியையும் விற்ற பணத்துக்கு அது பொருந்தும். அப்போதும் 5,000 ரூபாயைத் தாண்டினால் மற்ற வருமானத்தின் வரி விகிதத்தைக் கணக்கிட அது சேர்க்கப்படும். பால் விற்பனையும், பிறரிடம் வாங்கி விற்கும் வியாபாரமும் விவசாய வருமானமே அல்ல. பழங்குடியினருக்கான வரிவிலக்கும் வடகிழக்கின் குறிப்பிட்ட பகுதிகளிலும் லடாக்கிலும் வாழ்பவர்களுக்கே. கல்வராயன் மலை மக்களுக்கு அது கிடையாது.

மனைவி பேரில் நடத்தினால் போயிற்று என்பது அடுத்த வாதம். அவர் தன் சேமிப்பையோ வங்கிக் கடனையோ முதலாகப் போட்டுத் தானே நடத்தினால் அது அவர் வருமானம்தான். கணவர் சும்மா கொடுத்த பணம் முதலாக இருந்தால், அந்தப் பங்குக்கான லாபம் கணவரின் கணக்கிலேயே சேரும். அரசு ஊழியர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நடத்தை விதிகளின்படி வியாபாரத்துக்கு முன் அனுமதி வேண்டும், வரி கட்டிய ரசீது அந்த அனுமதிக்கு ஈடாகாது.

சிறு தொகையை யார் பார்க்கப் போகிறார்கள் என்பவர், வருமான வரித் தளத்தில் தன் ஆண்டுத் தகவல் அறிக்கையை ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வங்கி வட்டியும், ஆன்லைன் விற்பனைத் தளம் பிடித்த டிடிஎஸ்ஸும் அதில் இருக்கும். சேமிப்புக் கணக்குகளில் ஓராண்டில் 10 லட்சம் ரொக்கம் போட்டாலும் துறைக்குத் தகவல் போய்விடும். மறைப்பதில் ஆபத்து பெரிது. மேலே கண்டபடி பலருக்கு மிச்சமாகும் வரியோ ஒன்றுமில்லை. முறையாகக் காட்டிய வருமானம் மாட்டுக் கடனுக்கும் வீட்டுக் கடனுக்கும் சான்றாக நிற்கும்.

ஆகவே உபதொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி க்யூஆர் அட்டையும் வையுங்கள். பால் சீட்டு, கொள்முதல் பில் எல்லாவற்றையும் மாதவாரியாகக் கோத்து வையுங்கள். உண்மை லாபம் 6 சதவீதத்தைவிடக் கூடுதலென்றால் அதையே காட்டுங்கள். தொழிலில் நட்டம் வந்தாலும் அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. தொழில் வருமானம் உள்ளவர் பழைய வரி முறைக்குப் போய்த் திரும்பினால், அந்தத் தொழில் இருக்கும்வரை மறுபடி பழையதற்குப் போக வழியில்லை. எனவே ஆடிட்டரைக் கேட்டே மாறுங்கள். பிப்ரவரியில் சம்பளத்தையும் லாபத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டால், மார்ச் 15-க்குள் கட்டவேண்டியதைக் கட்ட நேரம் இருக்கும்.