சாயச்சாலையா, விற்பனை நிலையமா?

நூறு தறிகள் ஓடும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வங்கிக் கணக்கில் ஆறு லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். டைரக்டர்களில் ஒரு சாரார் சொந்தச் சாயச்சாலை வேண்டுமென்பர். மற்றொரு சாரார் நகரத்தில் விற்பனை நிலையம் வேண்டுமென்பர். இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. வெளியில் சாயமேற்றினால் நிறம் ஒருபோல் அமைவதில்லை. நேரில் விற்றாலோ கூடுதல் விலை கிடைக்கும்.

எதில் இலாபம் மிகுதி என்று மட்டும் கேட்டால் இவ்வழக்குத் தீராது. எத்தனை தறிகளின் பணம் எவ்வளவு காலம் முடங்கும் என்பதையும் கணக்கிடல் வேண்டும். ஒரு தறிக்கு நூலும் கூலியுமாக மாதம் 12,000 ரூபாய் செலவு என்றும், நூல் வாங்கிய நாளிலிருந்து துணி விற்ற பணம் திரும்ப மூன்று மாதம் ஆகும் என்றும் வைத்துக்கொள்வோம். தறி ஒன்றுக்கு 36,000 ரூபாய். நூறு தறிகளுக்கு 36 லட்சம். சங்கத்தின் சொந்தப் பணமும் மத்தியக் கூட்டுறவு வங்கியின் காசுக்கடனும் சேர்ந்தே இதனைத் தாங்குகின்றன. கையிருப்பாகத் தோன்றும் ஆறு லட்சமும் இச்சுழற்சியின் ஒரு பகுதியே. தீபாவளி விற்பனை முடிந்த வாரத்தில் கணக்கில் தெரியும். அடுத்த மாதம் நூலாகிவிடும்.

அதனைக் கட்டடத்தில் போட்டால் பதினாறு தறிகளுக்கு நூல் இராது. எஸ்டிமேட்டுக்குள் முடிந்த கட்டடத்தை நான் இதுவரை கண்டதில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்தே எண்ண வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாயச்சாலைகள் மூடப்பட்டதை அங்கத்தினர்கள் அறிவர். அண்டைச் சங்கங்கள் கூடி அமைப்பதானால் வேறு பேச்சு.

விற்பனை நிலையத்தின் தொல்லை வாடகையன்று. அலமாரி நிறையச் சரக்கு வைக்க வேண்டியதே. அதனால் பணம் திரும்ப ஒரு மாதம் கூடுதலானால் பன்னிரண்டு லட்சம் மேலும் தேவை. ஆயினும், கடையை மூடிவிடலாம். சாயத் தொட்டியை விற்க இயலாது. ஆகவே பண்டிகைக் காலத்தில் இரண்டு மாதம் மட்டும் கடை நடத்திப் பார்ப்பது தகும்.

இவ்விரண்டுக்கும் முன்னதாக மூன்றாவது வழி ஒன்று உண்டு. தொண்ணூறு நாளில் திரும்பும் பணம் எழுபத்தைந்து நாளில் திரும்பினால், தறிக்கு 6,000 வீதம் ஆறு லட்சம் ரூபாய் விடுபடும். இதற்கு வேண்டுவன: 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் முதலியோர் கேட்கும் ரகங்களை முன்கூட்டி அறிந்து பாவு போடுதல், பில்களை அன்றன்றே அனுப்பி வசூலைத் தொடர்தல், ஓடாத ரகங்களை நிறுத்துதல். இதற்கு அடிக்கல் நாட்டு விழா கிடையாது. ஆதலால் கூட்டத்தில் எவரும் முன்மொழிவதில்லை!

இதிலும் நோவு உண்டு. ஓடாத ரகத்தை நாற்பதாண்டுகளாக நெய்துவரும் முதியவருக்கு வேறு ரகம் கைவராது. அவர் தறிக்கு என்ன வழி என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிப் பொதுப்பேரவையில் படித்தல் வேண்டும். புது ரகம் பழகும் காலத்துக்குக் கூலி ஈடு தரலாம். அல்லது அந்த ஒரு தறிக்கு மட்டும் பழைய ரகத்தையே குறைந்த அளவில் கொடுத்துவரலாம்.

அடுத்த கூட்டத்திற்கு எஸ்டிமேட்டுகளோடு சரக்கிருப்புப் புத்தகமும் வரட்டும். தொண்ணூறு நாள் கடந்த துணிகளை ரகவாரியாக எழுதி, மொத்த மதிப்பைக் கூட்டியபின் விவாதத்தைத் தொடங்குக.