முதியோர் பராமரிப்பு: தேவை அறிந்து செய்வதே கித்மத்

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக! ஆமீன்.



இன்றைய பயானை ஒரு திருத்தத்தோடு துவங்குகிறேன். சில மாதங்களுக்கு முன் இதே மிம்பரில் பெற்றோர் உரிமை பற்றிப் பேசினேன். அப்போது, முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்த்தவர் எவராக இருந்தாலும் அவர் சொர்க்கத்தின் வாசலைத் தன் கையாலேயே அடைத்துக்கொண்டவர் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் ஜும்ஆவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். விசாரித்துப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு உங்களிடம் சொல்கிறேன்:

"ஹஜ்ரத், உங்க பயானைக் கேட்டதுக்கு அப்புறம் பள்ளிக்கு வர கால் வரலை. எங்க அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சு. ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் திறந்துக்கிட்டு ரோட்டுக்குப் போயிடறாங்க. ஒரு தடவை ரயில்வே கேட் பக்கத்துல பிடிச்சுக் கூட்டி வந்தோம். என் வீட்டுக்காரிக்கு முதுகுத் தண்டுல பிரச்சினை, குனிய முடியாது. எனக்கு நைட் ஷிஃப்ட். பார்த்துக்கிற ஆள் இருக்கிற இடத்துல சேர்த்திருக்கேன். வேலை முடிஞ்சதும் நேரா அங்க போய் நானே ஊட்டி விட்டுட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். நான் நரகவாதியா ஹஜ்ரத்?"

என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் வழியில் இன்னொரு குடும்பம் நினைவுக்கு வந்தது. தானாக நடந்து, தானாக ஒளூ செய்து, ஐவேளையும் முதல் ஸஃப்பில் நின்ற ஒரு பெரியவர். வீட்டை பில்டருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக அவரை ஓர் இல்லத்தில் விட்டுவிட்டார்கள். மாதம் ஒரு முறைகூட யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இந்த இருவருக்கும் ஒரே தீர்ப்பைச் சொன்னது என் தவறு. அல்லாஹ் என்னை மன்னிப்பானாக!

முதுமை ஒரே நிலை அல்ல

அல்லாஹ்வின் நல்லடியார்களே! முதுமையைக் குர்ஆன் ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கவில்லை. சூரத்துர் ரூம் 54வது வசனத்தில் பலவீனம், அதன்பின் பலம், அதன்பின் மீண்டும் பலவீனமும் நரையும் என மனித வாழ்வின் ஏற்ற இறக்கத்தை அல்லாஹ் வரிசைப்படுத்துகிறான். சூரத்து யாசீன் 68இல், நீண்ட ஆயுள் கொடுக்கப்பட்டவர் படைப்பில் தலைகீழாகத் திருப்பப்படுகிறார் என்கிறான். சூரத்துந் நஹ்ல் 70, சூரத்துல் ஹஜ் 5 ஆகிய இரு இடங்களிலும் "அர்தலுல் உமுர்" என்ற நிலையைத் தனியாகச் சொல்கிறான். அறிந்திருந்ததையெல்லாம் மறந்து எதுவும் அறியாதவராகிவிடும் தள்ளாத பருவம் அது. அந்த நிலைக்குத் தள்ளப்படுவதை விட்டும் நபி (ஸல்) அவர்கள் பாதுகாப்புத் தேடியதை புகாரியில் பார்க்கிறோம்.

ஷரீஅத்தும் இப்படித்தான் படிபடியாகப் பார்க்கிறது. மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் நின்று தொழவும், முடியாவிட்டால் உட்கார்ந்து தொழவும், அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழவும் வழிகாட்டினார்கள் (புகாரி). தொழுகை ஒன்றுதான், ஆனால் ஆளின் நிலையைப் பார்த்துச் சட்டம் இறங்கி வருகிறது. பெற்றோருக்குச் செய்யும் கித்மத்தும் அவ்வாறே. அவருக்கு என்ன முடிகிறது, என்ன முடியவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

மருத்துவ உலகம் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் 1963இல் வெளியிட்ட அந்தப் பட்டியலில் ஆறே ஆறு கேள்விகள். தானாகக் குளிக்கிறாரா? உடுத்துகிறாரா? கழிப்பறைக்குப் போய் வருகிறாரா? படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுகிறாரா? சிறுநீர், மலத்தை அடக்க முடிகிறதா? தானாகச் சாப்பிடுகிறாரா? இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அத்தா, அம்மா விஷயத்தில் இந்த ஆறையும் கேட்டுப் பாருங்கள். பல பேருக்குப் பதில் தெரியாது என்பதே நம் நிலைமை.

நான்கு படித்தரங்கள்

*முதலாவது: தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்பவர்.* ஆறு கேள்விக்கும் "ஆம்" என்பவர். இவருக்கு நர்ஸ் தேவையில்லை, மனிதர்கள் தேவை. பேச ஆள், பேரன் பேத்தி, பக்கத்தில் பள்ளிவாசல், இவை போதும். இப்படிப்பட்டவரை அவர் விருப்பமில்லாமல் இல்லத்தில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. சூரத்துல் இஸ்ரா 23வது வசனத்தில், பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையை அடைந்தால் "உஃப்" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று தடுக்கும் அல்லாஹ், அங்கே "இந்தக" என்ற சொல்லைச் சேர்க்கிறான். "உன்னிடத்தில்" என்பது பொருள். முதுமையில் அவர்கள் உன் பொறுப்பில், உன் அரவணைப்பில் இருப்பார்கள் என்பதை அந்தச் சொல் உணர்த்துவதாக முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள்.

*இரண்டாவது: கைத்தாங்கல் தேவைப்படுபவர்.* குளிக்கும்போது ஓர் ஆள் வேண்டும், படி ஏற ஒரு கை வேண்டும், மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் இல்லம் தேவைப்படாது. குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், இரவில் ஒரு சிறு விளக்கு. சில ஆயிரம் ரூபாய் செலவு, ஒரு விழுகையைத் தடுத்துவிடும். இடுப்பெலும்பு முறிந்தால் இந்தப் படித்தரத்தில் இருப்பவர் ஒரே இரவில் அடுத்த படித்தரத்துக்குப் போய்விடுகிறார்.

*மூன்றாவது: படுக்கையில் இருப்பவர்.* இங்கே பாசம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்து எலும்பு வரை இறங்கிவிடும். மூக்கு வழி உணவுக் குழாய், சிறுநீர்க் குழாய் இருந்தால் அதைச் சுத்தமாகப் பராமரிக்கத் தெரிய வேண்டும். வீட்டில் இதைச் செய்ய முடிந்தால் அது பெரும் பாக்கியம். முடியாவிட்டால் ஹோம் நர்ஸ் வைக்கலாம், அல்லது செவிலியர் இருக்கும் இல்லத்தை நாடலாம். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தங்கும் இடமும் சாப்பாடும் மட்டும் கொடுக்கும் இல்லம் வேறு, இரவு பகலாகச் செவிலியர் இருக்கும் இல்லம் வேறு. மூன்றாவது நிலையில் இருப்பவரை முதல் நிலைக்கான இடத்தில் சேர்த்துவிட்டு, புண்ணோடு திருப்பி அழைத்து வந்த குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

*நான்காவது: நினைவு தவறியவர்.* உடம்பில் தெம்பு இருக்கும், அறிவு இருக்காது. பெற்ற மகனையே "யாருப்பா நீ?" என்று கேட்பார். சாப்பிட்ட பத்தாவது நிமிடம் சோறு போடவில்லை என்பார். இவருக்குத் தேவை இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு கண். "உஃப்" என்று சொல்லாதே என்ற கட்டளையின் முழு கனம் இங்கேதான் தெரியும். ஒரே கேள்வியை நாற்பதாவது தடவை கேட்கும்போது முதல் தடவை போலப் பதில் சொல்வதே ஜிஹாதுந் நஃப்ஸ்.

அந்தச் சகோதரரின் தாயார் இருப்பது இந்த நிலையில். அவர் தாயைக் கைவிடவில்லை, தாயின் உயிரைப் பாதுகாத்திருக்கிறார். கைவிடுவது என்பது இடம் மாற்றுவதல்ல, முகம் காட்டாமல் இருப்பது.

சட்டங்களைத் தெரிந்துகொள்வோம்

வசதியற்ற பெற்றோரின் செலவு பிள்ளைகள் மீது கடமை. ஹனஃபி மத்ஹபின் வலுவான கருத்துப்படி, வசதியுள்ள மகனும் மகளும் இதில் சமமாகப் பங்கேற்க வேண்டும். "நான் கட்டிக் கொடுக்கப்பட்டவள்" என்று மகள் ஒதுங்க முடியாது. இந்தச் செலவை ஜகாத்திலிருந்து கொடுக்கவும் கூடாது, பெற்றோருக்கு ஜகாத் செல்லாது. அதேபோல் மாமனார், மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் பெருந்தன்மை. அது மகனின் கடமையை அவள் தலையில் இறக்கி வைப்பதற்கான அனுமதி அல்ல.

சிறுநீர் நிற்காமல் சொட்டும் நோயாளிகள் தொழுகையையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் மஃதூர்கள். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும் ஒரு ஒளூ செய்து, அந்த வக்துக்குள் தொழுதுகொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஒளூ செய்ய வேண்டும். அறிவு முழுமையாக நீங்கியவர் மீது தொழுகை கடமையில்லை. அவரைத் திட்டித் தொழ வைக்காதீர்கள்.

உடம்பைச் சுத்தம் செய்யும் விஷயத்தில் கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன் முதலில். அவர்கள் இல்லாவிட்டால் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். யாருமே இல்லாத நிர்ப்பந்தத்தில் மகனே தாய்க்குச் செய்யலாம். கையுறை அணிந்து, மேலே துணி போர்த்தி, தேவைக்கு மேல் பார்வை போகாமல் செய்ய வேண்டும்.

நாட்டுச் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டப்படி, கவனிக்கப்படாத பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஜீவனாம்சம் கேட்டு மனு கொடுக்கலாம். கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, கவனிக்காதபோது ரத்து செய்யவும் அதன் 23வது பிரிவு வழி தருகிறது. பெரியவர்களே, பிள்ளைகளுக்கு ஹிபா எழுதும்போது அந்த நிபந்தனையைப் பத்திரத்தில் சேருங்கள். உதவிக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் துவங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து வலி நிவாரண சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் கொடுக்கிறார்கள். ஆவடி, பூந்தமல்லி, அம்பத்தூர் எதுவானாலும் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

இல்லம்தான் என்று முடிவானால், சேர்க்கும் முன் கேளுங்கள். பதிவு பெற்றதா? இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்? இப்போது நடப்பவர் நாளை படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வீர்களா, திருப்பி அனுப்புவீர்களா? சொல்லாமல் வந்து பார்க்கலாமா? தொழ இடமும், ஹலாலான உணவும் உண்டா? வஃபாத்தானால் உடனே யாருக்குத் தகவல் சொல்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு நம் ஜமாஅத்தின் எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.

ஜமாஅத்தின் பொறுப்பு

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனை வக்ஃபு வருமானத்தில் நடந்தது. நோய்க்கு ஏற்பத் தனித்தனிப் பகுதிகள் அங்கே இருந்தன. இஸ்தான்புல்லில் சுல்தான் அப்துல் ஹமீத் காலத்தில் ஆதரவற்றோருக்காகக் கட்டப்பட்ட தாருல் அஜஸா இன்றும் இயங்குகிறது. அதன் வளாகத்தில் பள்ளிவாசலோடு சர்ச்சும் யூத ஆலயமும் உண்டு. தள்ளாடும் யூத முதியவருக்கு பைத்துல் மாலிலிருந்து கொடுக்க உத்தரவிட்ட உமர் (ரலி) அவர்களின் வாரிசுகள் வேறு எப்படிக் கட்டுவார்கள்!

நம்மால் அவ்வளவு முடியாது. முடிந்ததைச் செய்வோம். மக்கா வெற்றியின்போது பார்வையிழந்த தன் முதிய தந்தை அபூ குஹாஃபாவை அபூபக்கர் (ரலி) அழைத்து வந்தபோது, பெரியவரை வீட்டிலேயே விட்டிருந்தால் நானே வந்திருப்பேனே என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் (அஹ்மத்). வெற்றியாளராக நுழைந்த நாளிலும் முதியவரைத் தேடிப் போக அவர்கள் தயாராக இருந்தார்கள். ஆகவே மூன்று காரியங்களை நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறேன்:

1. நம் மஹல்லாவில் வெளியே வர முடியாத முதியவர்கள் யார், எந்தப் படித்தரத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல். இல்லங்களில் இருப்பவர்களும் அதில் இருக்க வேண்டும்.
2. வாக்கர், வீல் சேர், ஏர் பெட் ஆகியவற்றைப் பள்ளியில் வாங்கி வைத்து, தேவைப்படுவோருக்கு இலவசமாகக் கொடுத்து வாங்குவது.
3. வாரம் ஒரு நாள் நானும் நான்கு வாலிபர்களும் அவர்களைப் பார்க்கப் போவது. இரவு கண்விழிக்கும் பிள்ளைகளுக்கு ஓரிரு மணி நேரம் மாற்று ஆளாக உட்கார்வதும் அதில் சேரும்.

அந்தச் சகோதரர் இன்று நம் ஸஃப்பில் இருக்கிறார். அல்ஹம்துலில்லாஹ். கடந்த வாரம் அவரோடு போய் அந்த அம்மாவைப் பார்த்தேன். மகனை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனால் அவர் ஊட்டிய கையைத் தட்டவில்லை, வாயைத் திறந்தார்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் சிறு வயதில் எங்களுக்கு இரங்கியது போல் நீ அவர்களுக்கு இரங்குவாயாக! அர்தலுல் உமுரை விட்டும் எங்களைக் காப்பாயாக! பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தால், அந்தக் கையை இரக்கமுள்ள கையாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.