ஒரு தொழிலைப் பிடியுங்கள், காலம் பிடிபடும்

காலனிக்கால அமெரிக்காவின் அன்றாட வாழ்க்கையை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் மாணவர்கள் பலர் பாதியில் திணறுகிறார்கள். 1607இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கி 1776 வரையான வாழ்க்கை ஒரு கட்டுரைக்குள் அடங்காது. ஒரு தொழில், ஒரு ஊர், 20 ஆண்டுகள் போதும். பிலடெல்பியா அச்சகம், பாஸ்டன் வெள்ளிவேலை, வர்ஜீனியாவில் புகையிலைக்குப் பீப்பாய் செய்தவர்கள் என ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு மூன்று வகை ஆவணங்களைத் தேடுங்கள்.

1. பழகுநர் ஒப்பந்தம்
தொழில் ரகசியத்தைக் காக்க வேண்டும், சூதாடக் கூடாது, கல்யாணம் கூடாது என்பவை தொழில் பழக வந்த பையனுக்கு விதித்த நிபந்தனைகள். சாப்பாடும் தங்க இடமும் தந்து தொழிலைக் கற்றுக்கொடுப்பது முதலாளியின் கடமை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1718இல், 12 வயதில், அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் இப்படித்தான் சேர்ந்தார். 21 வயதுவரை இருப்பதாக ஒப்பந்தம், 1723இலேயே ஓடிவிட்டார். எழுதியதற்கும் நடந்ததற்கும் ஏன் இந்த வேறுபாடு என்று கேளுங்கள். நல்ல ஆய்வுக் கேள்விகள் அங்கேதான் கிடைக்கும்.

2. இறந்தவரின் உடைமைப் பட்டியல்
சுத்தியல், உளி, கட்டில், பாத்திரம் எல்லாம் விலையோடு இருக்கும். பல பட்டியல்களில் அடிமைப்படுத்தப்பட்ட மனிதர்களுக்கும் விலை போட்டிருக்கும். அவர்களில் கைதேர்ந்த கொல்லர்களும் தச்சர்களும் உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதும் பட்டறை வரலாறு பொய்யானது.

3. பத்திரிகை விளம்பரம்
தப்பியோடிய பழகுநர்களையும் அடிமைப்படுத்தப்பட்டவர்களையும் தேடும் விளம்பரங்கள் அவர்களின் தொழிலையும் உடையையும் சொல்லும். அச்சிட்டவர் யார் என்றும் பாருங்கள். 1773இல் கணவர் இறந்ததும் ‘வர்ஜீனியா கெஜட்’ என்ற பெயரில் வந்த பத்திரிகைகளில் ஒன்றை நடத்தியவர் கிளமென்டினா ரைண்ட் என்ற பெண்.

சறுக்கும் இடங்கள்

* 1752க்கு முன் புத்தாண்டு மார்ச் 25. அதனால் ‘1731 பிப்ரவரி’ என்றிருப்பது நம் கணக்கில் 1732 ஆகலாம்.
* பவுண்டின் மதிப்பு காலனிக்குக் காலனி மாறும். விலைகளை அப்படியே ஒப்பிடாதீர்கள்.
* பழைய அச்சில் ‘எஸ்’ எழுத்து பல இடங்களில் ‘எஃப்’ போலத் தெரியும். கணினித் தேடலில் இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

ஆவணங்களை இப்படிக் கவனமாகப் படிக்கும் பழக்கம் வேலைக்கும் உதவும். ஆவணக்காப்பகமும் அருங்காட்சியகமும் தேடுவது, சான்றை எடைபோடத் தெரிந்தவர்களை. வர்ஜீனியாவின் காலனியல் வில்லியம்ஸ்பர்க்கில் இன்றும் பழகுநர்கள் பல ஆண்டுகள் பட்டறையில் நின்று பழைய கைத்தொழில்களைக் கற்கிறார்கள். வருவோருக்கு விளக்கவும் செய்கிறார்கள். அங்கே விண்ணப்பிக்க நினைப்பவர், ஒரே ஒரு உடைமைப் பட்டியலை வைத்து இரண்டு பக்கம் எழுதிப் பழகுவதிலிருந்து தொடங்கலாம்.