நோயுற்ற பவளத்திற்கு மருத்துவம்

பவளம் என்றவுடன் நம்மில் பலருக்கு நவமணிகளுள் ஒன்றாகிய சிவந்த மணியே நினைவிற்கு வரும். புகார்த் துறைமுகத்தில் வந்து குவிந்த பண்டங்களைக் கூறும் பட்டினப்பாலை, கீழ்க்கடல் துகிரையும் அவற்றோடு சேர்த்துக் கூறுகிறது. இன்று நகையில் இழைக்கும் செம்பவளத்திற்குப் பெயர் பெற்றது மத்தியதரைக் கடல். இக்கட்டுரையில் நாம் காணப்போவது அந்த மணிப் பவளத்தை அன்று. வெப்பக் கடல்களின் ஆழமற்ற பகுதிகளில் பாறை பாறையாக வளரும் கல்பவளத்தையே ஆகும்.

தஞ்சை மாவட்டத்திற்கும் கடற்கரை உண்டு. ஆயினும் அதிராம்பட்டினத்திலோ மல்லிப்பட்டினத்திலோ பவளப்பாறையைத் தேடினால் சேறுதான் கிடைக்கும். பவளத்திற்குத் தெளிந்த நீர் வேண்டும், உப்பு குறையாத நீர் வேண்டும், அடிவரை வெயில் இறங்க வேண்டும். காவிரியும் அதன் கிளைகளும் கொண்டு வந்து சேர்த்த வண்டல் நமக்குச் சோறு போடுகிறது. பவளத்திற்கோ அதே வண்டல் மூச்சை அடைக்கும் பகையாகிறது. தெற்கே மண்டபத்திலிருந்து தங்கச்சிமடம் வரை பாக் நீரிணைக் கரையோரத்திலும், அதற்கப்பால் தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றியுமே நம் மாநிலத்தின் பவளப்பாறைகள் உள்ளன. அத்தீவுப் பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

சிங்கப்பூர், அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டுக் கூடத்திலேயே கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்போர் பலர். நம் நாட்டில் அது கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள அதே அட்டவணையில், 2001-இல் கல்பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டன. எவரேனும் உங்களிடம் உயிருள்ள கல்பவளத்தை விலைக்குத் தர முன்வந்தால், அவர் விற்பது திருட்டுப் பொருள் என்று கொள்க. அப்படியானால் தொட்டியில் வளரும் பவளத்தின் நோயைப் பற்றி நாம் ஏன் அறிய வேண்டும் எனக் கேட்கலாம். அத்தொட்டிகளில் கற்ற கைவேலையே இன்று கடலில் நோயுற்ற பாறைகளுக்கும் பயன்படுகிறது என்பதே விடை.

பவளம் குழியுடலிகளைச் சேர்ந்த விலங்கு. பாலிப் எனப்படும் சிற்றுயிர்கள் நூற்றுக்கணக்கில் கூடி, தமக்கடியில் சுண்ணாம்பு எலும்பைக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றின் தசைக்குள் ஒரு செல் பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெயிலில் சமைத்த உணவில் பெரும்பங்கைப் பவளத்திற்குத் தருகிறது. பவளம் தன் கழிவைப் பாசிக்கு உரமாகத் தருகிறது. நிலக்கிழாருக்கும் குத்தகைதாரருக்கும் இவ்வளவு ஒற்றுமை நம் பக்கத்தில் கண்டதில்லை! பவளத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் இப்பாசியால் வருவதே.

இதனால் ஒரு குழப்பம் நேர்கிறது. பவளம் வெளுத்தால் அது நோய் என்று உடனே மருந்தைத் தேடுகிறார்கள். நெற்பயிர் மஞ்சளாகும்போது நம் உழவர் என்ன செய்கிறார்? தழைச்சத்துக் குறைவா, துங்ரோ நச்சுயிரியா என்று முதலில் பார்க்கிறார். முன்னதற்கு யூரியா, பின்னதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. பவளத்தின் வெண்மையும் இருவகைப்படும். வெப்பம் மிகும்போது பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது தசை கண்ணாடிபோல் ஆகி, உள்ளிருக்கும் எலும்பு வெள்ளையாகத் தெரியும். இது வெளிறல். பாலிப்புகள் உயிரோடுதான் உள்ளன. உருப்பெருக்கியால் பார்த்தால் உணர்கொம்புகள் நீண்டு சுருங்குவதைக் காணலாம். சில வாரங்களில் வெப்பம் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். இத்தகைய பவளத்தை மருந்தில் முக்கி எடுப்பது பட்டினி கிடப்பவனைப் பேதிக்குக் கொடுத்துப் படுக்கவைப்பது போன்றது. அதற்கு வேண்டியவை குளிர்ந்த நீர், குறைந்த ஒளி, சிறிது உணவு, அவ்வளவே.

மற்ற வெண்மையில் தசையே இராது. உயிருள்ள பகுதிக்கும் வெற்றெலும்பிற்கும் இடையே கோடு போட்டாற்போல் ஒரு விளிம்பு தெரியும். சிலவற்றில் தசை நார்நாராகத் தொங்கும். அந்த விளிம்பு நாளுக்கு நாள் நகர்கிறதா என்பதைக் குறித்து வைக்க வேண்டும். நகர்ந்தால் அதுவே நோய்.

மருத்துவத்தில் முதற்படி நீரைச் சோதிப்பது. வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ், ஒப்படர்த்தி 1.025, கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், காரத்தன்மை 8 முதல் 10 டிகேஹெச் என்பன பொதுவாகக் கொள்ளும் அளவுகள். பாஸ்பேட் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகாதிருத்தல் நன்று. அது மிகுந்தால் சுண்ணாம்பு படிவது தடைப்படும். வயலுக்கு நாம் இடும் டி.ஏ.பி.யின் உயிர்ச்சத்தே இங்கு நஞ்சு. தொட்டி நீர் ஆவியாகக் குறைந்தால் நன்னீரையே ஊற்ற வேண்டும். உப்பு ஆவியாவதில்லை அல்லவா? தவறிய அளவை ஒரே நாளில் திருத்துவதும் கேடு. நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றி, ஓரிரு நாள் பொறுத்து மீண்டும் மாற்றுவதே முறை.

அடுத்தது கத்தி. மருந்தைவிட இதுவே அதிகப் பவளங்களைக் காப்பாற்றியுள்ளது எனலாம். கிளைப்பவளங்களில் சில மணி நேரத்திலேயே தசை முழுதும் உரிந்துபோகும் ஒரு நோய் உண்டு. அதற்கு நீரைச் சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. விளிம்பிலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தள்ளி, நலமான பகுதியிலேயே வெட்டிவிட வேண்டும். ஒவ்வொரு வெட்டிற்கும் முன் கத்தரியைச் சாராயத்தில் துடைப்பது கட்டாயம். வெட்டிய நுனிகளைச் சிறு பீங்கான் வில்லைகளில் உடனடிப் பசையின் குழைவான வகையைக் கொண்டு ஒட்டி, வேறு தொட்டியில் வைக்கிறார்கள். நாற்றைப் பறித்து வேறு வயலில் நடுவதை ஒத்த வேலை இது. நம்மவர் கைக்கு எளிதில் வரும்.

சதைப்பற்றுள்ள பெரும்பாலிப் பவளங்களைப் பழுப்புக் கூழ் நோய் தாக்கும். அழுகிய தசையும் அதைத் தின்னும் சிலியேட்டுகளும் சேர்ந்து கூழாக மிதக்கும். இதில் முதலில் செய்ய வேண்டியது தொட்டியின் பம்பை நிறுத்துவது. இல்லையேல் கூழ் நீரோட்டத்தில் பரவி அடுத்த பவளத்தின் மேல் படியும். பின்னர் மெல்லிய குழாயால் கூழை உறிஞ்சி வாளியில் விட்டு, பவளத்தை எடுத்து அயோடின் கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தொட்டியின் நீரையே வாளியில் எடுத்து, அதில் லூகால் அயோடினை இளந்தேநீர் நிறம் வரும்வரை சொட்டுச் சொட்டாக விடுவது வழக்கம். பிறகு வேறு வாளியில் அலசி எடுக்க வேண்டும். அலசிய நீர் எதுவும் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. மீன் நோய்க்குப் பயன்படும் மயில்துத்தத்தை இங்கு நினைக்கவே வேண்டாம். செம்பு பவளத்தைக் கொன்றுவிடும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளையும் சிலர் பயன்படுத்துகின்றனர். அவற்றைத் தொட்டியில் கலந்தால் கழிவைச் சிதைத்து நீரைத் தூய்மையாக்கும் நல்ல பாக்டீரியாக்களும் மடியும். அந்நீரைச் சாக்கடையில் கொட்டினால் மருந்திற்கு அடங்காத கிருமிகளை நாமே வளர்த்தவர்கள் ஆவோம். தனிக் கலத்தில், அறிந்தவர் மேற்பார்வையில் அன்றி இதில் இறங்கக் கூடாது என்பது என் கருத்து.

கடலில் இதே கைவேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 1970-களில் முதலில் விவரிக்கப்பட்ட கரும்பட்டை நோயில் நீலப்பசும் பாசியும் கந்தகப் பாக்டீரியாக்களும் சேர்ந்து கருநிறப் பட்டையாகப் பவளத்தின் மேல் நகரும். அடியில் உண்டாகும் சல்பைடு தசையைக் கொல்லும். புளோரிடாவில் ஹட்சன் என்பவர் முக்குளித்துச் சென்று, அப்பட்டையைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைத்தார். 2014-இல் அதே புளோரிடாவில் தோன்றிய வேறொரு தசையழிவு நோய்க்கு அமாக்சிசிலின் கலந்த பசையை விளிம்பில் தடவுகின்றனர். ஒவ்வொரு பவளமாக, ஒருவர் நீந்திச் சென்று கையால் தடவ வேண்டும்.

நம் கடலிலும் இந்நோய்கள் உண்டு. மண்டபம் தீவுகளிலும் பாக் நீரிணையிலும் கரும்பட்டை, வெண்பட்டை, இளஞ்சிவப்புப் புள்ளி முதலியவை ஆய்வாளரால் பதிவு செய்யப்பட்டுள்ளன. குருசடைத் தீவில் கப்பாபைகஸ் என்னும் வேற்றுநாட்டுக் கடற்பாசி பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டது. வாய்க்காலில் ஆகாயத்தாமரையை அள்ளுவதுபோல் அதைக் கையால் பிய்த்தே எடுக்க வேண்டியிருக்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தார் பவளத் துண்டுகளைக் கான்கிரீட் சட்டங்களில் பொருத்திக் கடலடியில் வளர்த்து வருகின்றனர். தொட்டிக்காரர் பீங்கான் வில்லையில் செய்வதும் இதுவே.

ஆனால் தொட்டிக்குக் குளிரூட்டி உண்டு, வளைகுடாவிற்கு இல்லை. 2016-ஆம் ஆண்டுக் கோடையில் மன்னார் வளைகுடாவின் நீர் அளவுக்கு மீறிச் சூடேறிப் பவளங்கள் வெளிறின. ஏறத்தாழ 39 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 23 விழுக்காடாகக் குறைந்தது. விரைந்து வளரும் கிளைப்பவளங்களே மிகுதியும் மாண்டன. ஆண்டிற்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும் உருண்டைப் போரைட்டிஸ்கள் பெரும்பாலும் தாங்கி நின்றன.

மண்டபத்திற்குக் கல்விச் சுற்றுலா செல்லும் நம் துறை மாணவர்கள் அவற்றைக் காண வாய்த்தால், தொடாமல் விளிம்பை மட்டும் உற்றுப் பார்க்கலாம். பச்சைப் பாசி மூடிய இடம் என்றோ இறந்தது. பளிச்சென்று வெள்ளையாக இருக்கும் இடம் சென்ற சில நாட்களில் தசை போனது. அதன் அருகில் கறுத்த கோடு ஒன்று ஓடினால், நாளையும் இன்னும் சிறிது போகும்.